பச்சை விளக்கு எரிந்த பிறகு

23-ஆம் நாள் மாலை எங்கள் தெருமுனைக் கம்பத்தடியில் ஒரு தம்பி பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மழைநீர் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டிய இயந்திரம் அறுத்துவிட்டுப்போன ஃபைபர் கேபிளை ஒட்ட வந்திருந்தார். கறுப்பு உறையைச் சீவினார். உள்ளே நிறம் நிறமாக இழைகள். அதில் நீலத்தைப் பிரித்து, மேல்பூச்சை உருவி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, முனையை நேராக வெட்டினார். தலைமுடி கனத்துக்கு ஒரு கண்ணாடி இழை. அதன் நடுவில் ஒளி ஓடும் பகுதி வெறும் 9 மைக்ரான். டிபன் பாக்ஸ் அளவிலான ஸ்ப்ளைசிங் மெஷினின் குட்டித் திரையில் இரண்டு முனைகளும் நெருங்கி வந்தன. ஒரு பொறி பறந்தது, ஒட்டிக்கொண்டன. “0.02தான் லாஸ் காட்டுதுக்கா, சூப்பரா உக்காந்துடுச்சு. மேல போய் மோடத்துல ரெட் லைட் அணைஞ்சிடுச்சான்னு பாருங்க” என்றார்.

அணைந்திருந்தது. அந்த இழைக்கு அவர் எடுத்துக்கொண்டது 10 நிமிடம்கூட இருக்காது. அதற்காக நாங்கள் காத்திருந்தது 23 நாள்.

பச்சை விளக்கு எரிந்ததும் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அந்த 23 நாளையும் அப்படியே மறந்துபோனார்கள். பிள்ளைகள் போனோடு உட்கார்ந்தார்கள், பெரியவர்கள் சீரியல் பார்த்தார்கள். நெட் வந்துவிட்டதே, இனி என்ன என்ற நிம்மதி. எனக்கு அந்த மறதிதான் பயமாக இருந்தது. இணைப்பு இல்லாத நாட்களுக்கான பணத்தைக் கேட்டு வாங்க வேண்டிய நாளும் அதுதான். இருக்கிற பணத்தை யாராவது பறித்துக்கொண்டு போக வாய்ப்பு அதிகமாக உள்ள நாளும் அதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இணையம் ஆடம்பரம், இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று நம்மிலேயே பலர் இன்னும் பேசுகிறோம். கல்லூரி விடுதியில் செல்போன் கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் சொன்னது. காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தின் வழியே கருத்தைச் சொல்வதும் தொழில் செய்வதும் அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உட்பட்டவை என்றது. அவை அரசின், நிர்வாகத்தின் தடைகளைப் பற்றிய வழக்குகள். தெருவில் கேபிள் அறுந்ததற்கு நேரடியாகப் பொருந்தாதவை. ஆனாலும், நெட் இல்லை என்று புகார் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அவற்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம். நாம் கேட்பது சலுகை அல்ல.

இப்போது பணத்துக்கு வருவோம். எங்கள் குடியிருப்பில் 12 வீடுகள். அத்தனை பேரும் புகார் செய்ததாகத்தான் சொன்னார்கள். விசாரித்தால், 9 வீட்டார் லைன்மேனுக்குப் போன் செய்திருக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். அவரும் பாவம், “இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வந்துடும் சார்” என்று 9 பேருக்கும் தினமும் பதில் சொல்லியிருக்கிறார். ஆனால் நிறுவனத்தின் கணக்கில் அந்த 9 வீடுகளிலும் பழுதே இல்லை! இலவசப் புகார் எண்ணிலோ, செயலியிலோ, மின்னஞ்சலிலோ பதிவாகி, எஸ்எம்எஸ்ஸில் ஒரு புகார் எண் வந்தால்தான் அது புகார். டிராய் எனும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு குறைதீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. பின்னால் எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

எண் வாங்கினால் மட்டும் போதும் என்று நினைத்து நானே ஏமாந்தேன். 9-ஆம் நாள் ஒரு எஸ்எம்எஸ்: “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.” மோடத்தில் சிவப்பு விளக்கு முறைத்துக்கொண்டிருக்கிறது, புகார் தீர்ந்துவிட்டதாம். திரும்ப அழைத்தால் புதிய எண் தந்தார்கள். கணக்கு முதல் நாளிலிருந்து ஆரம்பித்தது. 16-ஆம் நாளும் இதே கதை. ஏட்டில் பார்த்தால் ஒரு பழுதும் நீண்ட நாள் நீடிக்கவில்லை. அதன் பிறகுதான் புத்தி வந்தது. தினமும் காலையில் மோடத்தைப் படம் எடுத்தேன். அருகில் அன்றைய நாளிதழின் முதல் பக்கம் தெரிகிற மாதிரி. பொய்யாக மூடப்பட்ட ஒவ்வொரு புகாருக்கும் “இது தீரவில்லை, பழைய எண் இன்னது, அதன் தொடர்ச்சியாகவே இதைக் கருத வேண்டும்” என்று மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு பைசா செலவில்லாத வேலை இது. கடைசியில் கைகொடுத்ததும் இதுதான்.

நெட் வேலை செய்யாத நாளுக்கு வாடகை கட்ட வேண்டியதில்லை என்பது இன்று நேற்று வந்த விதி அல்ல. 2006-இல் டிராய் கொண்டுவந்த பிராட்பேண்ட் தர விதிகளிலேயே, 3 வேலை நாட்களைத் தாண்டிய பழுதுக்கு 7 நாள் வாடகை, 7-ஐத் தாண்டினால் 15 நாள் வாடகை, 15-ஐத் தாண்டினால் ஒரு மாத வாடகை என்று தள்ளுபடி வகுத்திருந்தார்கள். பழுது நீள நீள நிறுவனத்துக்கு உறைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பழைய விதிகளுக்குப் பதிலாக வந்த புதிய சேவைத் தர விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி வீட்டு இணைப்பில் பழுது 3 நாளுக்குள் சரிசெய்யப்படாவிட்டால் ஈடு தர வேண்டும்: மாதாமாதம் பில் கட்டுகிறவருக்கு வாடகைத் தள்ளுபடி, முன்பணம் கட்டியவருக்குச் செல்லுபடி நாள் நீட்டிப்பு. 6 மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் மொத்தமாகப் பணம் கட்டிவிடுகிற குடும்பங்கள் இப்போது அதிகம். நமக்கு இது பொருந்தாது என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். பொருந்தும்.

விதி இருக்கிறது, தானாகக் கைக்கு வராது. நெட் வந்த அன்றே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பழுது தொடங்கிய நாள், சரியான நாள், எல்லாப் புகார் எண்கள், கேட்கிற ஈடு. நாலு வரி போதும். அடுத்த பில்லில் தள்ளுபடி வரவில்லை என்றால் மேல்முறையீடு. ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில், வழக்கமாகக் கண்ணில் படாத ஒரு மூலையில் இருக்கும். புகார் தீர்க்க வேண்டிய கெடு முடிந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். பலர் நேரே டிராய்க்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தனிநபர் புகார்களைத் தீர்க்கும் அதிகாரம் டிராய்க்குச் சட்டத்தில் இல்லை.

மேல்முறையீட்டிலும் கதவடைத்தால் நுகர்வோர் ஆணையம். தொலைபேசி, இணையத் தகராறுகளுக்கு நுகர்வோர் மன்றம் போக முடியாது என்று, 2009-இல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டியே நிறுவனங்கள் பல வருடம் வாதாடிவந்தன. 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்து, தாராளமாகப் போகலாம் என்று தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம், 2 வருட அவகாசம் உண்டு. நாம் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் தாக்கல் கட்டணமும் இல்லை. அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அது நீதிமன்றம் அல்ல, சமரசம் பேசும் இடம். பல நேரம் அதுவே போதும்.

இனி, பறிபோகிற கதை.

நெட் வந்த மறுநாள் காலை இரண்டாம் மாடி சார் படியிறங்கி வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். கையில் போன், முகத்தில் சந்தோஷம். “ஏம்மா, கம்பெனியில இருந்தே கூப்பிட்டாங்க. 23 நாள் காசு ரீஃபண்ட் பண்றாங்களாம். ஒரு ஆப் போடச் சொல்றாங்க, எனக்கு அது தெரியல, நீ கொஞ்சம் போட்டுக் குடேன்.” மறுமுனையில் ஆள் இன்னும் லைனிலேயே இருந்தான். “ஐயா, அவசரமே இல்லைங்கய்யா, நிதானமா பண்ணுங்க” என்று அவ்வளவு பணிவு. அவன் போடச் சொன்னது நம் போன் திரையை அங்கிருந்தே பார்க்க உதவும் செயலி. நான் வாங்கித் துண்டித்தேன். சாருக்கு முதலில் என் மேல்தான் கோபம். ஒரு வட்டாரத்தில் பல நாள் நெட் இல்லை என்பது ஊருக்கே தெரிந்த செய்தி. ரீஃபண்ட் என்று சொன்னால் அங்கே யார்தான் நம்பமாட்டார்கள்? உண்மையான தள்ளுபடி பில்லில் கழியும், அல்லது செல்லுபடி நாளாகக் கூடும். அதற்குச் செயலியோ ஓடிபியோ க்யூஆர் ஸ்கேனோ யுபிஐ ரகசிய எண்ணோ எதுவும் வேண்டாம். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை அடிக்கவே தேவையில்லை என்பதை வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு ஒன்றுக்குப் பத்துமுறை சொல்லிவையுங்கள். டிராயிலிருந்து பேசுகிறோம், இணைப்பைத் துண்டிக்கப்போகிறோம் என்று வருகிற அழைப்பும் மோசடியே. டிராய் யாரையும் அப்படி அழைப்பதில்லை. நிறுவனத்தின் உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடி, முதலில் வருகிற எண்ணுக்கு அழைப்பதும் ஆபத்து. பழைய பில்லில் அச்சிட்ட எண்ணே சரி.

நெட் வந்ததும் முதலில் திறக்க வேண்டியது யூடியூப் அல்ல, வங்கிக் கணக்கு. நெட் இல்லாத நாட்களில் நடந்த பரிவர்த்தனைகள் முழுவதையும் ஒருமுறை பாருங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, வங்கியின் தவறோ நம் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆள் பணத்தை எடுத்திருந்தால், வங்கியின் தகவல் நமக்கு வந்ததிலிருந்து 3 வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு இழப்பே கிடையாது; 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால் ஒரு வரம்புவரை நம் தலையில் விழும். மின்னஞ்சலைத் திறக்கவே முடியவில்லை என்று பின்னால் வாதாடுவதைவிட, நெட் வந்த அன்றே பார்த்துச் சொல்வது நல்லது. ஓடிபியை நாமே கொடுத்திருந்தால் நிலைமை வேறு: வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனதெல்லாம் நம் நஷ்டம். அதனால்தான் ஏமாந்தது தெரிந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே அழைக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்க முடிந்தால் மீட்க வழி உண்டு. சந்தேக அழைப்பு வந்தது, பணம் போகவில்லை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் பதியலாம். சாருக்காக அன்றே அதைச் செய்தோம்.

மோடத்தையும் பாருங்கள். பழுது பார்க்க வருகிறவர்கள் சில நேரம் அதை ரீசெட் செய்கிறார்கள், அல்லது வேறொன்று மாட்டுகிறார்கள். அப்போது வைஃபை கடவுச்சொல், மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளதற்கே திரும்பிவிடும். அதை மாற்றுங்கள், மோடத்தின் நிர்வாகப் பக்கக் கடவுச்சொல்லையும் சேர்த்து மாற்றுங்கள். எங்கள் வீட்டில் இன்னொரு வேலையும் இருந்தது. அந்த 23 நாளும் மகள் எதிர்வீட்டு அக்காவின் ஹாட்ஸ்பாட்டில், டீக்கடை வைஃபையில், தோழி வீட்டு லேப்டாப்பில் என்று படித்திருந்தாள். எங்கெங்கே உள்நுழைந்தாள் என்று பட்டியல் போட்டு, எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறினோம். மின்னஞ்சல் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று காட்டும். தோழியின் லேப்டாப் அதில் இருந்தது. போனும் கணினியும் நிலுவையில் உள்ள அப்டேட்டுகளை முடித்த பிறகு மற்றதைத் தொடங்குவது நல்லது.

கேபிள் அறுந்ததற்குக் கடைசிவரை யாரும் பொறுப்பேற்கவில்லை. தோண்டுவதற்கு முன்னால் பூமிக்கடியில் யாருடைய கேபிள், குழாய் இருக்கிறது என்று கேட்டறிவதற்காகவே மத்திய அரசு 2023 மார்ச் 22 அன்று ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியைத் தொடங்கியது. எங்கள் தெருவில் இயந்திரத்தை ஓட்டியவரிடம் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவருக்கு வேலை கொடுத்தவர்கள் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை தெருவில் பள்ளம் தோண்ட ஆள் வந்தால் முதலில் இதைக் கேட்பது என்று குடியிருப்போர் கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம்.

புகார் எண் வைத்திருந்த 3 வீடுகளில் என் வீட்டுக்கு மட்டும் பில்லில் முழுத் தள்ளுபடி வந்தது. அந்த மின்னஞ்சல்களும் படங்களும்தான் காரணம். இன்னொரு வீட்டில் அவர்களாகவே விட்டுவிட்டார்கள். மூன்றாமவர் இரண்டாம் மாடி சார். முதல் புகாரை இலவச எண்ணில் அன்றே பதிந்து, எண்ணைக் காலண்டரில் எழுதிவைத்திருந்தார். தள்ளுபடி தர மறுத்துப் பதில் வந்ததும், கோடு போட்ட தாளில் தன் கையாலேயே மேல்முறையீடு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். 39-ஆம் நாள் வருகிற வியாழக்கிழமை.