படமும் பாடமும்

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, 2019-ல் ஓய்வு பெற்றவன் நான். படித்தது சிவில் டிப்ளமா. கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தினேன். இப்போது நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். அண்மையில் சங்கத்துக்கு ஒரு ப்ரொஜெக்டர் வாங்கினோம் அல்லவா? அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று வகுப்பெடுக்கும் இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். நான் செய்த தவறைச் சொன்னாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

2007-ல் பயிற்சிப் பள்ளிக்குப் போனபோது, ஓ.எச்.பி.யும் அதன் கண்ணாடித் தாள்களும் மூலைக்குப் போய், கம்ப்யூட்டரும் ப்ரொஜெக்டரும் வந்திருந்தன. எனக்கு ஒரே உற்சாகம். விதிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக டைப் செய்து 42 ஸ்லைடுகள் தயாரித்தேன். வகுப்பில் இருந்தவர்கள் டிராக்மேன்கள். மராத்தியும் இந்தியும் பேசும் விதர்ப்பா கிராமத்துக்காரர்கள். திரையில் இருந்த ஆங்கிலத்தை வரி வரியாகப் படித்து இந்தியில் விளக்கினேன். இருட்டிய அறை, மின்விசிறிக் காற்று. பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் திரையைப் பார்த்து நோட்டில் எழுதினார்கள்.

மறுநாள் அவர்களை லைனுக்கு அழைத்துப் போனேன். இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் உள்ள இடைவெளியைக் காட்டி, “இது காலையில் அதிகமா, மத்தியானம் அதிகமா?” என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பையன், “மத்தியானம்தான் சாப். வெயிலில் விரியும் என்று நேற்று நீங்கள்தானே போட்டீர்கள்?” என்றான்.

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஸ்லைடின் தலைப்பு ‘எக்ஸ்பான்ஷன் கேப்’. விரிவது இடைவெளி என்று அவன் எடுத்துக்கொண்டான். உண்மையில் விரிவது இரும்பு; அதனால் இடைவெளி குறையும். 13 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். நாக்பூர் மே மாத வெயிலில் தண்டவாளத்தின் சூடு காற்றின் சூட்டைவிட மிக அதிகம். குளிர்கால விடியலில் இடைவெளி விடாமல் பூட்டிவிட்டால், கோடையில் லைன் பக்கவாட்டில் நெளியும். அதன் மேல் ரயில் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பையனின் தவறு என் திரையிலிருந்து வந்தது.

அன்றிரவே அந்த ஸ்லைடை மாற்றினேன். முதல் படத்தில் இரண்டு தண்டவாள முனைகள், நடுவில் இடைவெளி, மேலே காலைச் சூரியன். வேறு எழுத்து கிடையாது. “மத்தியானம் என்ன ஆகும்?” என்று கேட்டுக் கை தூக்கச் சொன்னேன். வாதம் நடந்து முடிந்த பிறகுதான் இரண்டாவது படம்: உச்சி வெயில், நீண்ட முனைகள், ஒடுங்கிய இடைவெளி. அதன் பிறகு திரையை அணைத்துவிட்டு ஒவ்வொருவரையும் கரும்பலகையில் வரையச் சொன்னேன். அந்த வகுப்பில் யாரும் தூங்கவில்லை.

நெருக்கி எழுதிய ஸ்லைடு பெரிய இடங்களையும் விட்டு வைக்கவில்லை. 2003 பிப்ரவரி 1-ந் தேதி கொலம்பியா விண்கலம் சிதறி, நம் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். புறப்படும்போது நுரைத் துண்டு ஒன்று இறக்கையில் மோதியிருந்தது. கலம் விண்ணில் இருந்தபோதே பொறியாளர்கள் அதைப் பற்றி ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். மோதிய துண்டு, முன்பு சோதனை செய்த துண்டுகளைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது என்ற செய்தி ஒரு ஸ்லைடின் அடி வரியில் சின்ன எழுத்தில் கிடந்தது. உயிருக்கு ஆபத்து என்பதை அதைப் படிக்கும் மேலதிகாரி உணராமல் போகலாம் என்று விசாரணைக் குழுவே தன் அறிக்கையில் எழுதியது.

இனி, நம் வகுப்புக்குச் சில யோசனைகள்.

ஒரு ஸ்லைடில் ஒரே விஷயம் போதும். ஸ்லைடு தயாரானதும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். படிக்க முடியாத எழுத்தை எடுத்துவிடுங்கள்.

திரையில் உள்ளதை அப்படியே வாயால் படிக்காதீர்கள். கண் ஒரு வேகத்தில் படிக்கும், காது வேறு வேகத்தில் கேட்கும், இரண்டும் இடித்துக்கொள்ளும். படத்தைத் திரையில் காட்டி, விளக்கத்தை வாயால் சொல்வதே நன்றாக மனதில் பதியும் என்று அமெரிக்க உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகள் செய்து காட்டியிருக்கிறார்.

சிக்கலான படத்தை முழுசாகக் காட்டாமல் பகுதி பகுதியாக வரவழையுங்கள். இதயத்தின் படம் என்றால் முதலில் நான்கு அறைகள், பிறகு ரத்தம் வரும் வழி, பிறகு போகும் வழி. எழுத்து சுழன்று வருவதும், டமார் என்று சத்தம் போடுவதும் வேண்டாம்.

சிவப்பு, பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ரயில் ஓட்டுபவருக்கு நிறப்பார்வைச் சோதனை உண்டு. நம் வகுப்புப் பிள்ளைகளை யார் சோதித்தார்கள்? நிறத்தோடு பெயரையும் எழுதுங்கள்.

வீடியோ இரண்டு, மூன்று நிமிடம் போதும். எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு கேள்வியை முன்பே கொடுங்கள். நடுவில் நிறுத்தி, “அடுத்து என்ன ஆகும்?” என்று கேளுங்கள்.

பவர்பாயிண்டில் ஸ்லைடு ஓடும்போது ‘பி’ எழுத்தை அழுத்தினால் திரை கருப்பாகும். பிள்ளைகளின் முகம் உங்கள் பக்கம் திரும்பும். இதை அடிக்கடி செய்யுங்கள்.

சாக்பீஸை மறக்க வேண்டாம். மின்சாரம் போனாலும் பாடம் நிற்கக் கூடாது.

வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளையையாவது எழுப்பி, பாடத்தைத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். அன்று லைனில் அந்தப் பையனிடம் கேட்காமல் வந்திருந்தால், அதே 42 ஸ்லைடுகளை நான் ஓய்வு பெறும் வரை ஓட்டிக்கொண்டிருப்பேன். ஸ்லைடு தயாரிப்பதில் சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு காலை வகுப்புக்கு அரை மணி முன்னதாக வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து செய்யலாம்.