'போலிங்': கலைச்சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் முதலில் தலையைக் குறித்த 'போல்' என்னும் சொல், தலையெண்ணல், வாக்களிப்பு எனப் பொருள் விரிந்தது. கணினியியலில் 'போலிங்' என்பது வாக்கெடுப்பன்று; வன்பொருளின் நிலையை மென்பொருள் திரும்பத் திரும்ப வினவியறிதலாகும்.

சான்றாக, 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிக்கணினியின் தொடர்நிலைத் தகவல் அட்டை 8250 சில்லைக் கொண்டது. அதன் நிலைப் பதிவகத்தில் 5ஆம் எண் பிட் 1 ஆயின், அடுத்த எழுத்தை ஏற்கச் சில்லு ஆயத்தம் என்பது பொருள். சாதன இயக்கி அப்பிட்டை ஓயாது படித்துக் காத்திருக்கும். குறுக்கீட்டு முறையிலோ சில்லே செயலிக்கு அறிவிக்கும். முன்னதில் வினைமுதல் மென்பொருள், பின்னதில் வன்பொருள்.

சில்லு பழுதுற்றால் வினவல் முடிவுறாது, கணினி முடங்கும். ஆகவே கால வரம்பு இன்றியமையாதது. மொழிபெயர்ப்பில் 'வரம்புவரை' என்னும் ஓர் அடை விடுபடின், அதனைப் பின்பற்றி எழுதப்படும் இயக்கியும் பிழைபடும். இவ்வகையில் 'வாக்கெடுப்பு' என்பதினும் 'தொடர்வினவல்' என்பதே பொருத்தமுடையது.