பழைய பைண்டிங், மாற்றுப் பலகை: ஹார்ட்பூட் ஸ்னோபோர்டில் பொருத்தமும் நுகர்வோர் உரிமையும்

பனிச்சரிவில் ஸ்னோபோர்டு ஓட்டுவோரில் பெரும்பாலானோர் மென்காலணியையும் பட்டைகளையும் நம்பியிருக்க, பலகையின் விளிம்பைப் பனியில் ஆழ அழுத்தி வளைவு வளைவாகக் கீறிச் செல்லும் ‘கார்விங்’ முறையைப் பின்பற்றுவோரும் பந்தய வீரர்களும் ‘ஹார்ட்பூட்’ எனப்படும் கெட்டியான நெகிழி ஓடு கொண்ட காலணியை அணிகின்றனர். அதன் முனையையும் குதிகாலையும் உலோக வளையங்களால் கவ்விப் பலகையோடு பிணைக்கும் தகடே ‘பிளேட் பைண்டிங்’. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் முதல் நடைபெற்றுவரும் பேரலல் ஜயண்ட் ஸ்லாலம் போட்டியில் காணப்படுவது இவ்வமைப்பே. இதன் சந்தை சிறியது. பைண்டிங் விலை கூடியது, நெடுநாள் உழைப்பது. ஆகவே பலகை உடைந்தோ தேய்ந்தோ மாற்றப்படும்போது பைண்டிங் மட்டும் பழையதாகவே தொடர்கிறது. ஸ்கீ பைண்டிங்கைப் போல விழும்போது தானாக விடுபடும் வசதி பெரும்பாலான பிளேட் பைண்டிங்குகளில் இல்லை. இரு கால்களும் ஒரே பலகையில் பிணைந்திருப்பதால், ஓட்டத்தின் நடுவே ஒரு பைண்டிங் மட்டும் பெயர்ந்துபோனால், பலகையின் முறுக்கு முழுவதும் மற்றக் காலின் முழங்காலில் இறங்கும்.

பலகைக்குள் புதைக்கப்பட்டு, திருகாணியை ஏற்கும் மரையுள்ள உலோகக் குழல்களுக்கு ‘இன்செர்ட்’ என்று பெயர். இவை பரவலாக 4 செ.மீ. சதுரமாகவோ, நிலையை நுணுக்கமாக மாற்ற உதவும் வகையில் 2 செ.மீ. இடைவெளியுள்ள வரிசைகளாகவோ அமைகின்றன. பர்ட்டன் நிறுவனத்தின் பழைய பலகைகளில் முக்கோண அமைப்பும், பிற்காலத்தவற்றில் நீளவாக்கில் ஓடும் ‘சேனல்’ என்ற பள்ளமும் உள்ளன. பைண்டிங்கின் நடுவே அமரும் வட்டத்தகட்டின் துளைகள் இவற்றோடு ஒத்துவராவிட்டால், அதே பைண்டிங்குக்கென உற்பத்தியாளர் தரும் மாற்றுத் தகட்டைத் தேட வேண்டுமேயன்றி, தகட்டில் புதுத்துளை இடுவது தகாது. பந்தயப் பலகைகள் சிலவற்றில் ‘ஐசொலேஷன் பிளேட்’ என்னும் இடைத்தட்டுக்கெனத் தனி இன்செர்ட்டுகள் இருக்கின்றன. அவை பைண்டிங்குக்கு உரியவை அல்ல.

துளைகள் ஒத்துப்போனதும் வேலை முடிந்தது என்று எண்ணுவதே மிகப் பரவலான பிழை. திருகாணிகள் பெரும்பாலும் 6 மி.மீ. விட்டமுள்ள எம்6 வகையே ஆயினும், ஆபத்து விட்டத்தில் அன்று, நீளத்தில் இருக்கிறது. காலைச் சற்றே உயர்த்தவோ சாய்க்கவோ பைண்டிங்கின் கீழ் ஆப்புவடிவத் துண்டு வைக்கும் அமைப்புகளில், அத்துண்டின் தடிமனுக்கேற்ப நீண்ட திருகாணி தேவைப்படும். புதிய பலகையில் துண்டை நீக்கிவிட்டு அதே திருகாணியைப் பூட்டினால், அதன் நுனி குழலின் அடியை முட்டிப் பலகையின் அடிப்பரப்பில் வெளிப்புடைப்பை உண்டாக்கும், அல்லது தகடு இறுகுவதற்கு முன்பே திருகாணி நின்றுவிடும். கையில் இறுகியதுபோல் தோன்றும் இந்த இரண்டாம் நிலையே ஏமாற்றக்கூடியது. மாறாக, குட்டையான திருகாணி ஓரிரு மரைகளை மட்டுமே பற்றி, சுமை ஏறியதும் அவற்றை உரித்துக்கொண்டு வெளிவரும். திருகாணியின் விட்டத்துக்கு ஈடான ஆழமாவது மரை பற்றியிருக்க வேண்டும் என்பது பொறியியலில் வழங்கும் குறைந்தபட்ச அளவு. திருகாணி தளராதிருக்கப் பூசும் ஒட்டுத்திரவத்தில் சிலவகை பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். போன்ற நெகிழிகளை வெடிக்கச்செய்பவை என்பதையும் அறிந்திருப்பது நல்லது. முதல் சில ஓட்டங்களுக்குப் பின் திருகாணிகளை மீண்டும் முறுக்கிப் பார்ப்பது அதைவிடப் பாதுகாப்பான வழி.

அடுத்தது பலகையின் அகலம். குறுக்குவாட்டை 0 பாகையாகக் கொண்டால், ஹார்ட்பூட் ஓட்டுவோர் காலை 45 முதல் 65 பாகை வரை முன்நோக்கித் திருப்பி நிறுத்துகின்றனர். 31 செ.மீ. நீளமும் 7 செ.மீ. அகலமும் கொண்ட காலணி அடி 60 பாகையில் நின்றால் குறுக்குவாட்டில் ஏறத்தாழ 21.6 செ.மீ. இடத்தை அடைக்கும், 45 பாகையில் அதுவே 26.9 செ.மீ. ஆகிவிடும். கால் நிற்குமிடத்தில் பழைய பலகை 26 செ.மீ. அகலமும் மாற்றுப் பலகை 21 செ.மீ. அகலமும் உடையனவாயின், பழைய 45 பாகைக் கோணத்திலேயே பூட்டும்போது இருபுறமும் ஏறக்குறைய 3 செ.மீ. வெளியே நீளும்; பலகை சாயும்போது அந்த நீட்சி பனியில் உரசி விளிம்பைத் தூக்கிவிட, ஓட்டுபவர் தூக்கியெறியப்படுவார். காலணி அடியின் முனைகள் வளைந்திருப்பதால் உண்மை அளவு சற்றுக் குறையலாம் என்றாலும் முடிவு மாறாது.

இத்தனை விவரமும் சட்டத்தோடு இணையும் இடம் ஒன்று உண்டு. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/771 நெறிமுறை, நுகர்வோர் ஒப்பந்தத்துக்கு முன் தெரிவித்து விற்பவர் ஏற்றுக்கொண்ட குறிப்பிட்ட பயன்பாட்டுக்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகையால் பைண்டிங்கின் பெயர், இன்செர்ட் அமைப்பு, காலணி அடியின் நீளம், நிற்கும் கோணம் ஆகியவற்றை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, ‘பொருந்தும்’ என்ற விடையைப் பெற்றபின் வாங்கியவரின் நிலை வலுவானது. கடையில் வாய்மொழியாகக் கேட்டவர் அதனை மெய்ப்பிக்கத் திண்டாடுவார். விற்பவரின் பொறுப்பு 2 ஆண்டுகள் நீடிக்கிறது. முதல் ஓராண்டில் வெளிப்படும் குறை, பொருளை ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். கடைக்காரரே தவறாகப் பூட்டியதும் பொருளின் குறையாகவே கருதப்படும்.

குறைபாடுள்ள பலகைக்கு ஈடாக வரும் பலகை வேறு இன்செர்ட் அமைப்பிலோ அகலத்திலோ இருப்பதும் உண்டு. பழைய மாதிரி உற்பத்தியில் இல்லை என்பதே வழக்கமான விளக்கம். மாற்றீடு கட்டணமின்றியும் பெருந்தொல்லையின்றியும் நடைபெற வேண்டும் என்பதால், ஒப்பந்தத்தில் ஏற்ற பைண்டிங்குக்குப் பொருந்தாத பலகையைப் பெற்றவர் அதனை ஏற்க மறுக்கலாம். தக்க மாற்று இல்லையெனில் விலைக்குறைப்பையோ ஒப்பந்த முறிவையோ கோரலாம்.

இணையத்தில் வாங்கியதைக் காரணம் கூறாமலேயே 14 நாட்களுக்குள் திருப்பும் உரிமையும் உண்டு. எனினும் பைண்டிங்கைப் பூட்டிப் பனியில் ஓட்டிய பலகையில் தகட்டின் தடம் பதிந்துவிடும், அந்த மதிப்புக் குறைவு வாங்கியவர் தலையில் விழும். துளைகளைத் திருகாணி இன்றி வைத்துப் பார்ப்பது அப்படியன்று. வாங்குபவரின் தனி விவரப்படி செய்யப்பட்ட பலகைக்கு இவ்வுரிமை இல்லை, கார்விங் பலகைகளிலோ அத்தகையவை அரிதல்ல. ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்தில் இணையக் கொள்முதலைத் திருப்பும் பொதுவான சட்ட உரிமையே கிடையாது. பொருள் வந்ததும் சோதித்து, குறையைத் தாமதமின்றி விற்பவருக்கு அறிவிப்பதும் அங்கே வாங்கியவரின் கடமை. தனிநபரிடம் வாங்கும் பழம்பலகைக்கோ மேற்சொன்ன நெறிமுறை பொருந்தாது.

இன்செர்ட் பெயர்ந்து விபத்து நேர்ந்தால், பலகையைப் பழுதுபார்க்கக் கொடுக்காமல், திருகாணிகளைக் கழற்றிய நிலையிலேயே நீளம் தெரியும்படி அளவுகோலோடு படமெடுத்து, விற்பவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். விற்பவர் வேறொரு உறுப்பு நாட்டில் இருந்தால், ஐரோப்பிய நுகர்வோர் மையங்களின் வலையமைப்பு கட்டணமின்றி இடைநின்று உதவுகிறது.