உங்களுக்குத் தெரியுமா? சுருளிக்குள் போன ஜீப்

இடுக்கி மாவட்டத்துக் குளமாவுக் காட்டில் எடுக்கப்பட்ட மலையாள அறிவியல் புனைவுப் படம் ‘சுருளி’ (2021). இயக்கம் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி, படத்தொகுப்பு தீபு ஜோசப். குற்றவாளியைத் தேடி மாறுவேடத்தில் வரும் இரண்டு போலீஸ்காரர்களின் ஜீப் மரப்பாலத்தைத் தாண்டியதும், அதுவரை பணிவாகப் பேசிய ஓட்டுநர் வசைமாரி பொழிகிறார். முதல்முறை வந்தவரையே ‘முன்பு பார்த்த முகம்’ என்கிறார்கள் ஊரார். நடப்பது நேற்றா, நாளையா? விடை சொல்லாமலே காட்சிகள் கோக்கப்பட்டிருக்கின்றன.

இது வேண்டுமென்றே போட்ட முடிச்சு. ஆனால் ஒளிபரப்பு வரிசை மாறியதால் குழம்பிப்போன அமெரிக்கத் தொடர் ‘ஃபயர்ஃபிளை’ பாவம்! 2002-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி அதன் முதல் அத்தியாயத்தைக் கடைசியில் ஒளிபரப்பியது; கதை புரியாமல் பார்வையாளர்கள் விழித்தார்கள்.

‘சுருளி’ பார்ப்பவர்கள் தொடக்கத்தில் வரும் எறும்புதின்னிக் கதையைத் தவறவிடாதீர்கள். குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள், வசவுகள் அப்படி!