அறுபது கிலோமீட்டர் அலையில் ஓர் இதயத்துடிப்பு

ஓட்டக்காரர்களும் சைக்கிள் வீரர்களும் நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு பயிற்சி செய்வதைப் பார்த்திருப்போம். பட்டைக்கும் மணிக்கட்டில் இருக்கும் கடிகாரத்துக்கும் நடுவே கம்பி எதுவும் கிடையாது. ஆனாலும் இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் கடிகாரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்தப் பட்டைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் அதிர்வெண் 5 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 5,000 அதிர்வுகள். அதற்குரிய அலைநீளம் 60 கிலோமீட்டர். குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் தொடங்கும் ஓர் அலை, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைத் தாண்டி, நெல்லை மாவட்டத்து விஜயநாராயணம் பக்கம் போய்த்தான் முடியும். இத்தனை நீளமான அலையை ஒரு சிறு பட்டை எப்படி வீசுகிறது?

உண்மையில் அது அலையை வீசுவதே இல்லை எனலாம். பட்டைக்குள் சிறிய செம்புக் கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. அதில் மின்சாரம் ஓடும்போது சுற்றிலும் காந்தப்புலம் எழுகிறது, நின்றதும் அடங்கிவிடுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் புலத்தின் வலிமை எட்டில் ஒரு பங்காகிவிடும். மூன்று மடங்கானால் இருபத்தேழில் ஒரு பங்கு. அதனால்தான் பட்டையின் எல்லை சுமார் ஒரு மீட்டரோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு மீட்டருக்குள் இன்னொரு சுருளைக் கொண்டுவந்தால், மாறும் காந்தப்புலம் அதில் மின்னழுத்தத்தைத் தூண்டும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது.

பட்டைக்குச் செய்தி கொடுப்பது இதயத்தின் மின்சாரம். ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் இதயத்தசை முழுவதும் ஒரு மின்தூண்டல் ஓடுகிறது. நெஞ்சின் தோலில் அது ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் அளவுக்குத் தெரியும். பட்டையின் இரண்டு முனைகளிலும் உள்ள மின்கடத்தும் பரப்புகள் அதைப் பிடிக்கின்றன. உலர்ந்த தோலில் தொடர்பு சரியாகக் கிடைக்காது என்பதால், கட்டுமுன் அந்த இடங்களைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். உள்ளிருக்கும் மின்சுற்று துடிப்பின் உச்சியைக் கண்டதும், சில மில்லிவிநாடிகளுக்கு மட்டும் 5 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டத்தைச் சுருளில் ஓடவிட்டு நிறுத்திவிடுகிறது. ஒரு துடிப்புக்கு ஒரு வெடிப்பு. வேறு ரகசியம் கிடையாது.

இதை உருவாக்கியவர் ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகப் பேராசிரியர் செப்போ சைனயாகங்காஸ். பனிச்சறுக்கு வீரர்கள் ஓட்டத்தின் நடுவிலேயே தம் இதயத்துடிப்பை அறிய ஒரு கருவி வேண்டும் என்ற தேவையிலிருந்து அவர் முயற்சி தொடங்கியது. 1977-ல் போலார் எலக்ட்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். 1982-ல் உடலில் அணியக்கூடிய முதல் கம்பியில்லா இதயத்துடிப்புக் கருவி விற்பனைக்கு வந்தது. பழைய 5 கிலோஹெர்ட்ஸ் முறையை அந்த நிறுவனத்தின் எச்-10 பட்டை புளூடூத்தோடு சேர்த்து வைத்திருக்கிறது.

முறை இவ்வளவு எளிதாக இருப்பதால் ஏற்பியை வீட்டிலேயே செய்துவிடலாம். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஏரியலாக இருக்கும் கறுப்பு ஃபெரைட் தண்டு ஒன்று வேண்டும். அதில் இருக்கும் சுருள் இதற்குப் போதாது. மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் மெல்லிய இனாமல் கம்பியைச் சில நூறு சுற்றுகள் சுற்றி 10 மில்லிஹென்றிக்குக் கொண்டுவர வேண்டும். அதோடு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை இணைத்தால், அந்த ஜோடியின் ஒத்ததிர்வு 5.03 கிலோஹெர்ட்ஸில் வந்து நிற்கும். எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற கெப்பாசிட்டர்தான் அது.

சுருளில் கிடைக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது. ஓர் ஆப்-ஆம்ப் சில்லில் இரண்டு கட்டங்களாக, கட்டத்துக்கு ஐம்பது மடங்கு பெருக்கினால் மொத்தம் 2,500 மடங்காகும். இந்த இடத்தில் ஓர் இயர்போனைச் செருகிப் பாருங்கள். 5,000 ஹெர்ட்ஸ் நம் காதுக்கு எட்டும் எல்லைக்குள்தான் இருக்கிறது. சில்வண்டுகள் சிலவற்றின் சத்தமும் ஏறத்தாழ இந்தச் சுருதிதான். வானொலியில் செய்வதுபோல் அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் வேலை எதுவும் இங்கே தேவையில்லை. பட்டை கட்டியவர் அருகில் வந்தாலே, அவர் இதயம் துடிக்கும் வேகத்தில் ‘கிச், கிச்’ என்று கேட்கும். தண்டை மெல்லத் திருப்பினால் சத்தம் கூடும், குறையும், ஓரிடத்தில் அறவே மறையும். காந்தப்புலத்துக்குத் திசை உண்டு என்பதைக் காதே சொல்லிவிடும்.

எண்ணாகப் பார்க்க விரும்பினால் டயோடு ஒன்றையும், அளவு தாண்டியதும் ‘ஆம்’ என்று சொல்லும் கம்பேரேட்டர் ஒன்றையும் சேர்த்து, ஆர்டுயினோ எனும் சிறு கணினிப் பலகைக்குக் கொடுக்கலாம். இரண்டு துடிப்புகளின் இடைவெளி 800 மில்லிவிநாடி என்றால் நிமிடத்துக்கு 75. 500 என்றால் 120. ஒன்று கவனிக்க வேண்டும்: குறியீடு சேர்த்து அனுப்பும் பட்டைகள், பக்கத்தில் ஓடுபவரின் பட்டையோடு குழம்பாமலிருக்க ஒரு துடிப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வெடிப்புகளை அனுப்பும். முதல் முயற்சிக்குக் குறியீடு இல்லாத பட்டையே நல்லது.

இந்த அதிர்வெண்ணில் நாம் மட்டும் இல்லை. மின்னல் தன் ஆற்றலை வானொலி அலையாக மிகுதியாகக் கொட்டுவது ஏறத்தாழ 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான். ஐப்பசி மாலையில் மலைப்பக்கம் இடி முழங்கும்போது இயர்போனில் சடசடப்பு கேட்கலாம், கருவி பொய்த்துடிப்பும் காட்டலாம். இதே தாழ்ந்த அதிர்வெண் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு குரல் விஜயநாராயணத்திலிருந்து வருகிறது. 1990-ல் அங்கே தொடங்கப்பட்ட கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், வானளாவிய கோபுரங்களிலிருந்து 18.2 கிலோஹெர்ட்ஸில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. 2009 ஜூலை 22 சூரிய கிரகணத்தின்போது கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மைய ஆய்வாளர்கள் இந்த அலையைப் பிடித்துத்தான் வானின் அயனி அடுக்கில் நேர்ந்த மாற்றத்தை ஆராய்ந்தார்கள்.

நீர்மூழ்கிக்கு ஏன் இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்? உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் உயர்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். 18.2 கிலோஹெர்ட்ஸ் அலை கடல்நீரில் சுமார் 1.9 மீட்டர் இறங்கிய பிறகே தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவுக்குக் குறைகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் புளூடூத்துக்கு அதே கதி ஒரு சென்டிமீட்டருக்குள் நேர்ந்துவிடும். 5 கிலோஹெர்ட்ஸுக்கோ 3.5 மீட்டர் வரை இடமிருக்கிறது. நீச்சல் வீரரின் பட்டை தண்ணீருக்குள்ளும் வேலை செய்வது இதனால்தான். கடலில் இருக்கும் நீர்மூழ்கியும் குளத்தில் நீந்தும் பிள்ளையும் இயற்பியலின் ஒரே சலுகையை அனுபவிக்கிறார்கள்.

நாம் செய்த இந்த ஏற்பி துடிப்பின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் மட்டுமே சொல்லும். நோயைக் கண்டறிய மருத்துவமனை இ.சி.ஜி.தான் வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான இதய ஆய்வு கிடைப்பது அரிது. ஏற்பி உடலைத் தொடுவதில்லை, ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடிவிடும். குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடியிலிருந்து 115 அடி உயரத்துக்குப் படியேறி, இடைவெளி எப்படிச் சுருங்குகிறது, மேலே நின்றதும் எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்று வரைபடம் போடலாம். சும்மா உட்கார்ந்து ஆழ்ந்து மூச்சிழுத்தாலும் போதும்: உள்ளிழுக்கையில் துடிப்பு சற்று விரைவதும், விடுகையில் தளர்வதும் எண்ணில் தெரியும்.

பிளஸ் டூ இயற்பியலில் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த ஒத்ததிர்வுச் சூத்திரம் இருக்கிறது. மார்த்தாண்டம் பகுதிப் பிள்ளைகள் அதை ஆண்டுதோறும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். அதே சூத்திரத்தில் 10 மில்லிஹென்றியையும் 0.1 மைக்ரோஃபாரடையும் போட்டுக் கணக்கிட்டு, சால்டரிங் வைத்து, பக்கத்து பெஞ்சுத் தோழியின் இதயத்தைக் காதால் கேட்கிற மாணவிக்கு அது வாழ்நாளுக்கும் மறக்காது. ஆசிரியர்கள் இந்த ஆண்டே ஒரு தண்டும் ஒரு பட்டையும் வாங்கி ஆய்வகத்தில் வைக்க வேண்டும்.