'மோபி டிக்' ஒலிநூல் கட்டணமின்றிக் கிடைப்பது எப்படி? தமிழில் உருவாக்கச் சட்டம் இடம் தருமா?

மும்பை: தடிமனைக் கண்டே வாசகர்கள் தயங்கும் நாவல்களுள் ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் எழுதிய 'மோபி டிக்'. திமிங்கில வேட்டையை மையமாகக் கொண்ட இந்நாவல், ஒலிநூல் வடிவில் ஆங்கிலத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் பகுதிகளில், தமிழைப் பேசவும் கேட்கவும் தெரிந்தும் அதன் எழுத்தை வாசிக்கப் பழகாத இளைய தலைமுறையினர் உள்ள குடும்பங்களுக்கு இதில் கவனிக்கத்தக்க செய்தி உள்ளது.

நாவலும் மும்பையும்

1851 அக்டோபரில் லண்டனிலும், நவம்பரில் நியூயார்க்கிலும் இந்நாவல் வெளியானது. தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கத் துடிக்கும் ஆஹாப் என்ற கப்பல் தலைவனின் கதையை, இஷ்மாயில் என்ற மாலுமி விவரிக்கிறான். மெல்வில், 1841-இல் புறப்பட்ட 'அகுஷ்நெட்' என்ற வேட்டைக் கப்பலில் பணியாற்றியவர். 1820-இல் திமிங்கிலம் மோதி 'எசெக்ஸ்' கப்பல் மூழ்கிய உண்மை நிகழ்வும் நாவலுக்குத் தூண்டுதலாக அமைந்தது.

ஆஹாபின் கப்பலில் ஃபெதல்லா என்ற பார்சி ஒருவர் இடம்பெறுகிறார். திமிங்கிலத்தின் மிகப் பழமையான உருவம் எலிஃபெண்டா குகையில் இருப்பதாக 55-ஆவது அத்தியாயம் கூறுகிறது. எனினும், மும்பைக்கு அருகிலுள்ள அந்தக் குகைகள் சிவன் சிற்பங்களுக்கே புகழ்பெற்றவை.

135 அத்தியாயங்கள், பல குரல்கள்

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்துடன் இணைந்து 2012-இல் தொடங்கிய திட்டத்தில், 135 அத்தியாயங்களும் நாளுக்கு ஒன்றாக இணையத்தில் வெளியிடப்பட்டன. நடிகை டில்டா ஸ்விண்டன் முதல் அத்தியாயத்தை வாசித்தார். அப்போதைய பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூன், இயற்கை ஆவணப்படக் கலைஞர் டேவிட் அட்டன்பரோ ஆகியோரும் வாசித்தனர். இதுதவிர, தன்னார்வலர்களால் இயங்கும் 'லிப்ரிவாக்ஸ்' தளத்திலும் இந்நாவல் உள்ளது. முழுமையாகக் கேட்க 20 மணி நேரத்துக்கும் மேலாகும்.

பதிப்புரிமை என்ன சொல்கிறது?

இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்ததும் அவரது படைப்பு பொதுவுடைமையாகிறது. மெல்வில் 1891-இல் காலமானார். எனவே, மூல நாவலுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. ஆனால், மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கும், அது வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டுகள் தனி உரிமை உண்டு. எனவே, உரிமைக் காலம் முடியாத ஒரு தமிழ் மொழிபெயர்ப்பை அனுமதியின்றி ஒலிநூலாக்க இயலாது.

தமிழில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949-இல் அரசு பெற்றது முதல், பல எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளன. கல்கியின் நூல்களும் அவற்றுள் அடங்கும். 'பொன்னியின் செல்வன்' பல குரல்களில் ஒலிநூலாக வலம்வருவதற்கு இதுவே அடிப்படை.

பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான விலக்கு

உரிமைக் காலம் முடியாத நூல்களையும், பார்வை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்ற 2012-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அனுமதிக்கிறது. இதே நோக்கம் கொண்ட மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014 ஜூனில் உலகிலேயே முதல் நாடாக இந்தியா ஏற்பளித்தது. 2016-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகமும் தொடங்கப்பட்டது. இந்த விலக்கு மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது. வணிக விற்பனைக்குப் பொருந்தாது. எழுத்தறியாத பிறருக்கும் இது பொருந்தாது.

ஆகவே, மும்பையில் வளரும் தமிழ்க் குழந்தைகள் தம் மொழியில் செவிவழி இலக்கியத்தை அடைய, பொதுவுடைமையான நூல்களே எளிய வாயில். 'மோபி டிக்' நாவலை மூலத்திலிருந்து புதிதாக மொழிபெயர்த்துப் பதிவுசெய்ய விரும்புவோர், மெல்வில்லின் வாரிசுகளிடமோ பதிப்பகத்திடமோ அனுமதி பெற வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளரின் உழைப்பும், வாசிப்பவரின் பொறுமையுமே அதற்குத் தேவை.