அண்டை வீட்டு வாசற்படி

மேற்கு வங்காளத்தின் வட எல்லையில் ஜைகாவ்ன் என்றோர் ஊர் இருக்கிறது. கடைவீதி நெரிசலும், வண்டிகளின் ஓயாத ஊதலும், கூவி விற்போரின் குரலும் நிறைந்த ஊர். அதன் கடைவீதி முடியுமிடத்தில் சித்திர வேலைப்பாடமைந்த தோரண வாயில் ஒன்று நிற்கிறது. வாயிலுக்கு இப்பால் இந்தியா. அப்பால் புன்ட்ஷோலிங் என்ற பட்டணம், பூட்டான் தேசம். பத்தடி தூரத்தில் ஓர் உலகம் முடிந்து வேறோர் உலகம் துவங்குவதாக அங்கே போய் வந்தோர் அனைவரும் சொல்லுகின்றனர்.

இந்த வாயிலைப் பற்றி நமது பிரயாணிகளில் பலருக்குச் சில காலமாக மனக்குறை உண்டு. ‘ஆதார் அட்டையைக் காட்டினால் ஏற்க மறுக்கிறார்கள், ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் கேட்கிறார்கள், முன்பெல்லாம் சும்மா போய் வந்தோமே, அவர்களுக்குச் சாலை போட்டுக் கொடுத்ததே நாம்தானே, நம்மிடமே பணமா?’ என்பது அக்குறையின் சாரம். இது அற்ப விஷயமன்று. ஒரு பெரிய தேசத்தின் ஜனங்கள் ஒரு சிறிய அண்டை தேசத்தை எந்தக் கண்ணோடு பார்க்கின்றனர் என்பது இதில் அடங்கியிருக்கிறது. ஆதலின் இதைச் சற்று நிதானமாக ஆராய்வது நலம்.

முதலில் விதிகள் இன்னவை என்று தெளிவாகத் தெரிந்துகொள்வோம். பூட்டானுக்குச் செல்லும் இந்தியப் பிரஜைக்கு விஸா வேண்டியதில்லை. அனுமதிச் சீட்டு மட்டும் பெறவேண்டும். அதற்குக் குறைந்தது ஆறு மாத காலம் செல்லுபடியாகக்கூடிய பாஸ்போர்ட், அல்லது வாக்காளர் அடையாள அட்டை தேவை. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். ஆனால் பெரியவர் ஒருவர் உடன் வரவேண்டும். ஆதாரை ஏற்காததில் அவமதிப்பு ஒன்றுமில்லை. ஆதார் ஒருவர் இன்னார் என்பதைக் காட்டுமேயன்றி, அவர் இந்தியப் பிரஜை என்பதற்கு அத்தாட்சியாகாது என்று நமது சர்க்காரே சொல்லியிருக்கிறது. நாமே ஒப்புக்கொள்ளாத அத்தாட்சியை அண்டை வீட்டார் ஒப்புக்கொள்ள வேண்டுமென்பது நியாயமாகுமா?

கட்டண விவரம் வருமாறு. ‘நிலைத்த அபிவிருத்திக் கட்டணம்’ என்ற பெயரில் வயது வந்த இந்தியர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பாதி. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை. கணவன், மனைவி, பத்து வயதுப் பையன், நான்கு வயதுப் பெண் ஆக நால்வர் ஐந்து இரவுகள் தங்கினால் 15,000 ரூபாய் ஆகும். இது சிறு தொகையன்று என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்தியா, வங்காள தேசம், மாலத்தீவு ஆகியவை நீங்கலான மற்ற தேசத்தார் முன்கூட்டியே விஸா பெறவேண்டும். அதற்கு 40 டாலர் தனியாகக் கொடுத்து, இரவொன்றுக்கு 100 டாலர் கட்டணமும் செலுத்த வேண்டும். நம்மிடம் வாங்குவது அதில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவே. உண்மை இவ்வாறிருக்க, நம்மை மட்டும் ஒறுக்கிறார்கள் என்று பேசுவது பொருந்தாது.

இவ்விதிகள் திடீரென்று முளைத்தவையல்ல. பல நூற்றாண்டுகளாக வெளியுலகுக்குக் கதவைச் சாத்தியிருந்த பூட்டான், 1974-ம் வருஷத்தில் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக்கின் முடிசூட்டு விழாவை ஒட்டியே உல்லாசப் பிரயாணிகளை முதன்முதலாக உள்ளே அனுமதித்தது. அவ்வருஷம் வந்தவர்கள் 287 பேர். ‘குறைந்த கூட்டம், நிறைந்த பயன்’ என்பதே அன்று முதல் அவர்கள் கைக்கொண்ட கொள்கை. தேசத்தின் நிலப்பரப்பில் 60 சதவிகிதத்துக்குக் குறையாமல் எக்காலமும் காடு இருக்கவேண்டும் என்று அவர்கள் 2008-ம் வருஷத்து அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். மலைச் சிகரங்களைத் தெய்வங்களின் இருப்பிடமாகக் கருதும் ஜனங்களின் உணர்ச்சியை மதித்து, 2003-ம் வருஷத்தில் மலையேற்றத்தை அடியோடு நிறுத்தினார்கள். 7,570 மீட்டர் உயரமுள்ள காங்கர் புயென்சும் இன்றுவரை மனிதன் கால் படாத சிகரமாக நிற்கிறது. அதில் ஏற அனுமதி கொடுத்தால் கொள்ளைப் பணம் வரும். வேண்டாம் என்று இருக்கிறார்கள்.

இத்தனை கட்டுப்பாடுகளிலிருந்தும் நெடுங்காலம் விலக்குப் பெற்றிருந்தவர்கள் நாம். மற்றவர்கள் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து நுழைந்தபோது, இந்தியர் எவ்விதக் கட்டணமுமின்றிப் போய் வந்தார்கள். விளைவு என்ன? 2019-ம் வருஷத்தில் அத்தேசத்துக்கு வந்த பிரயாணிகள் மூன்று லக்ஷத்துக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். பூட்டானின் மொத்த ஜனத்தொகையே எட்டு லக்ஷத்துக்குக் குறைவு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வருஷத்தில் இரண்டு விருந்தாளிகள் என்ற கணக்காகிறது. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்று சொல்லும் நமக்கு அந்த வீட்டாரின் கஷ்டம் விளங்காமற் போகாது.

விருந்தாளிகள் எல்லோரும் விருந்தாளிகளைப் போல் நடந்துகொண்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 2019 அக்டோபரில், திம்புவுக்கு அருகே தோசுலா கணவாயிலுள்ள ஸ்தூபி ஒன்றின் மேல் இந்தியப் பிரயாணி ஒருவர் ஏறி நின்று படமெடுத்துக்கொண்ட செய்தி பலருக்கு நினைவிருக்கும். அவர் பின்னர் மன்னிப்புக் கோரினார். அந்த இடம் எத்தகையது என்பதை எத்தனை இந்தியர் அறிவர்? பூட்டானின் தென்பகுதிக் காடுகளில் பாசறை அமைத்துக்கொண்டு அஸ்ஸாமிலும் வடவங்காளத்திலும் தாக்குதல் நடத்திவந்த ஆயுதக் கூட்டங்களை, 2003 டிசம்பரில் பூட்டான் தன் சிறு சேனையைக்கொண்டு விரட்டியது. மன்னரே களத்தில் நின்றார். அப்போரில் உயிர்நீத்த பூட்டானிய வீரர்களின் நினைவாக 2004-ல் எழுப்பப்பட்டவையே தோசுலாவில் நிற்கும் 108 ஸ்தூபிகள். நமது எல்லையின் அமைதிக்காகவும் சேர்த்து உயிர் கொடுத்தவர்களின் ஞாபகச் சின்னம் அது. அங்கே நாம் தலை வணங்கி நிற்க வேண்டியவர்கள்.

‘சாலை போட்டுக் கொடுத்தோமே’ என்ற வாதத்துக்கு வருவோம். 1961 முதல் நமது எல்லைச் சாலைப் படையினர் அந்த மலைகளில் பாதை வெட்டியது உண்மை. அவ்வேலையில் பலர் உயிரிழந்ததும் உண்மை. அதற்கு முன் 1958-ல் பண்டித நேரு பூட்டானுக்குச் சென்றபோது சாலையே இல்லை. திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியாகக் குதிரைமேல் சென்றார். பாரோவில் பேசிய அவர், பூட்டான் சுதந்திர தேசமாக இருந்து தன் வழியில் முன்னேறவேண்டும் என்பதே இந்தியாவின் விருப்பம் என்று தெரிவித்தார். 1949-ம் வருஷத்து உடன்படிக்கையில், வெளிநாட்டு விவகாரங்களில் இந்தியாவின் ஆலோசனைப்படி பூட்டான் நடக்கும் என்றொரு ஷரத்து இருந்தது. 2007-ல் செய்துகொண்ட புதிய உடன்படிக்கையில் அந்த ஷரத்து கைவிடப்பட்டது. சர்க்கார் விட்டுக்கொடுத்த மேலாண்மையைப் பிரயாணிகள் பிடித்துக்கொண்டிருப்பது அழகன்று. செய்த உதவியைச் சொல்லிக் காட்டினால் உதவி கடனாகிவிடும், நட்பு வியாபாரமாகிவிடும்.

இன்னொன்றும் கூறவேண்டும். இதே பிரயாணிகள் ஐரோப்பாவுக்குப் போக விரும்பினால் என்ன செய்கிறார்கள்? ஷெங்கன் விஸாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விஸா மறுக்கப்பட்டாலும் அது திரும்ப வராது. வங்கிக் கணக்கையும், வருமான வரிக் கணக்கையும், வேலை செய்யுமிடத்திலிருந்து கடிதத்தையும் கொண்டுபோய்க் கொடுத்து, கைரேகை பதித்து, நாட்கணக்கில் காத்திருக்கிறார்கள். மறுத்துவிட்டால் தலைகுனிந்து திரும்பி, மறுபடியும் பணம் கட்டுகிறார்கள். அப்போது எவருக்கும் ரோஷம் வருவதில்லை. அது அந்த நாட்டுச் சட்டம் என்று அடக்கமாகப் பேசுகிறார்கள். பூட்டான் 1,200 ரூபாய் கேட்டால் மட்டும் ரோஷம் பொங்குகிறது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார்கோயில் ஆண்டி என்பது இதுதானே? வலியவன் வாசலில் பணிவும் எளியவன் வாசலில் அதிகாரமும் காட்டுவது சுதந்திரம் பெற்ற ஜனங்களுக்குரிய குணமன்று.

ஒரு தேசம் தன் வாசலில் விதிக்கும் விதி எதுவானாலும் சரியே என்பது நமது கட்சியன்று. அநீதியான வாசல்களை இந்தியர் நன்றாக அறிவர். 1914-ல் ‘கோமகட்டா மாரு’ என்ற கப்பலில் 376 பேர் கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தனர். சொந்தத் தேசத்திலிருந்து இடையில் எங்கும் நில்லாமல் வந்தவர்களுக்கே அனுமதி என்று அங்கே ஒரு விதி இருந்தது. இந்தியாவிலிருந்து அவ்வாறு செல்லும் கப்பலே கிடையாது என்பதை நன்கறிந்து செய்த விதி அது. இரண்டு மாத காலம் கரையிறங்க விடாமல் வைத்து, மிகச் சிலரைத் தவிர அனைவரையும் திருப்பியனுப்பினார்கள். ஒரு ஜாதியாரை ஒதுக்கும் நோக்கத்தை வேறு வார்த்தைகளில் மறைத்துவைத்த விதி அது. பூட்டானின் விதியோ வெளிப்படையானது. கட்டணம் இவ்வளவு என்று முன்பே அறிவிக்கிறார்கள். கட்டினவரை மலர்ந்த முகத்துடன் வரவேற்கிறார்கள். ஒளிவு மறைவின்றிச் சொல்லப்படுவதும், யாரையும் இழிவுபடுத்தாததும், காக்கவேண்டிய ஒன்றைக் காப்பதுமே நேர்மையான விதியின் அடையாளங்கள்.

அப்படியாயின் இதில் குறையே இல்லையா? உண்டு. பணத்தால் கூட்டத்தைக் குறைக்கும்போது, ஒதுங்குகிறவன் ஏழையேயன்றி முரடன் அல்லன். ஸ்தூபியின்மேல் ஏறுகிறவனிடமும் 1,200 ரூபாய் இருக்கலாம். அதைப் பக்தியோடு சுற்றிவர விரும்பும் பள்ளிக்கூட உபாத்தியாயரிடம் இல்லாமற் போகலாம். கட்டணம் எல்லை மீறினால் தனக்கே தீங்கு என்பதைப் பூட்டானும் அனுபவத்தில் கண்டது. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் 2022 செப்டம்பரில் கதவைத் திறந்தபோது மற்ற தேசத்தாருக்கு இரவொன்றுக்கு 200 டாலர் என்று உயர்த்தினார்கள். வருவோர் தொகை குன்றியது; விடுதிகள் காலியாகக் கிடந்தன. ஒரு வருஷத்தில் அதைப் பாதியாக்கி, 2027 ஆகஸ்டு முடிய அவ்வாறே இருக்கும் என்று அறிவித்தார்கள். அன்றியும் 1990-களில் நேப்பாளி மொழி பேசும் ஒரு லக்ஷம் பேர் அத்தேசத்தை விட்டு வெளியேற நேர்ந்த துயரத்தை நாம் மறக்கவில்லை. அதைச் சொல்லாமல் பூட்டானைப் புகழ்வது முழு உண்மையாகாது.

மாணவர்களுக்கும் யாத்திரை செல்வோருக்கும் கட்டணத்தில் சலுகை காட்டலாம் என்பது நமது யோசனை. யோசனை சொல்ல நண்பனுக்கு உரிமையுண்டு. முடிவு செய்யும் உரிமை வீட்டுக்காரனுடையது. இந்தக் கட்டணத்தால் வரும் பணம் அங்குள்ள ஜனங்களின் நன்மைக்கே என்று அந்தச் சர்க்கார் சொல்லுகிறது. பத்தாம் வகுப்புவரை இலவசக் கல்வியும், அடிப்படை வைத்தியமும் அளிப்பதைத் தன் அரசியல் சட்டத்தில் கடமையாக எழுதிக்கொண்ட தேசம் அது.

இமயத்தின் அந்தச் சரிவில் இருந்த ராஜ்யங்கள் பல. திபெத் 1951-ல் சீனாவின் ஆளுகைக்குள் சென்றது. சிக்கிம் 1975-ல் இந்தியாவின் ஒரு ராஜ்யமாயிற்று. எஞ்சி நிற்பது பூட்டான் ஒன்றே. இரண்டு பெருந்தேசங்களின் நடுவே படையாலோ செல்வத்தாலோ தன்னைக் காத்துக்கொள்ள அதனால் ஆகாது. தன் மொழி, உடை, காடு, கோயில் இவற்றைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வதில்தான் அதன் சுதந்திரம் இருக்கிறது. வாசலில் நின்று ‘யார் நீங்கள், எத்தனை நாள்?’ என்று கேட்பது அச்சுதந்திரத்தின் முதல் வார்த்தை.

ஆகவே பூட்டானுக்குப் புறப்படும் நேயர்கள் வாக்காளர் அட்டையையோ பாஸ்போர்ட்டையோ மறவாமல் எடுத்துக்கொள்ளட்டும். கட்டணத்தை முணுமுணுக்காமல் செலுத்தட்டும். தோசுலா கணவாயில் சற்று நேரம் மௌனமாக நிற்கட்டும். நமது வாசலில் நாமே காவல் நிற்கும் உரிமையைப் பெற நாம் எத்தனை காலம் போராடினோம் என்பதை எண்ணிப் பார்த்தால், அண்டை வீட்டு வாசற்படி உயரமாகத் தோன்றாது.